காட்டு வழியாகப் போகும் கேபிள்

படம் எடுப்பதில் எனக்குக் கொஞ்சம் கைராசி உண்டு. விசேஷ வீடுகளில், அதற்கென்றே பெரிய கேமராவும் குடையும் கொண்டு வந்தவர் ஓரமாக நிற்க, "தம்பி, நீ ஒண்ணு எடுத்துக் குடு" என்று என்னிடம்தான் ஃபோனை நீட்டுவார்கள். தலை வெட்டுப்படாமல், கண் மூடாமல், எல்லோரும் உள்ளதைவிடக் கொஞ்சம் நல்லவர்களாகத் தெரியும்படி எடுத்துக் கொடுப்பேன். யாரும் இதுவரை குறை சொன்னதில்லை.

இப்போது ஒரு விசாரணை அறைக்கு வெளியே, கால் ஆடும் மரப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து மேஜையில் யாருக்கும் வேண்டாத பழைய படிவங்கள் ஒரு கட்டு கிடந்தன. அவற்றின் பின்பக்கத்தில்தான் இதை எழுதுகிறேன். எதிர்ப் பெஞ்சில் நர்ஸக்கா. மடியில் கைப்பை, பையின் மேல் இரண்டு கைகள்.

"எழுதி வெச்சுக்கிறீங்களா தம்பி? நல்லது. எனக்கெல்லாம் ஆபீசருங்களப் பாத்தா நாக்கு மேல ஒட்டிக்குது. வாய்ல வர்றது ஒண்ணு, வெளிய வர்றது ஒண்ணு."

"நிதானமா பேசுங்கக்கா. ஒண்ணும் ஆகாது" என்றேன்.

ஆகும். பத்தொன்பது வருஷமாக ஊசி போட்டுக்கொண்டிருந்தவர் மூன்று மாதமாகத் தற்காலிக வேலை நீக்கத்தில் இருக்கிறார். கூரையிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு தச்சரை ஐந்து மணி நேரம் சும்மா வைத்துக்கொண்டிருந்தார், ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை, அதனால் அவர் செத்துப்போனார் என்பது குற்றச்சாட்டு. இன்றைக்குச் சரியாகப் போகாவிட்டால் வேலை போகும், அதற்குப் பிறகு போலீஸ் கேஸும் வரும். அன்று ஃபோன் வேலை செய்யவில்லை என்பது அவருடைய பதில். அதற்கு அவர் காட்டியிருக்கும் சாட்சி நான்.

நான் கேபிள் இணைக்கிறவன். மண்ணுக்குள் போகும் கேபிளில் தலைமுடி கனத்துக்குக் கண்ணாடி இழைகள் இருக்கும். செல்ஃபோன் டவருக்குப் பேச்சு அதன் வழியாகத்தான் வெளிச்சமாகப் போய் வருகிறது. அறுந்தால் நான் போய், இரண்டு முனைகளையும் ஒரு சின்ன மெஷினில் எதிரெதிராக வைத்து உருக்கி ஒட்டுவேன். மூச்சு பலமாக விட்டால்கூடப் பிசகிவிடும். அந்தப் பக்கத்தில் இந்த வேலை தெரிந்தவன் நான் ஒருவன்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, பிறகு தேவைப்படும்.

வேலையை எடுத்து நடத்துகிறவர் மாமா, அக்காவின் கணவர். நான் அவர் வீட்டில் சாப்பிட்டு, அவர் ஜீப்பில் போய், அவர் காட்டும் இடத்தில் கையெழுத்துப் போடுகிறவன். நல்ல மனிதர். சத்தம் போட்டுப் பேசமாட்டார்.

நர்ஸக்கா இருக்கும் ஊர்தான் அந்தச் சாலையின் கடைசி ஊர். டவுனிலிருந்து முப்பத்தெட்டு கிலோமீட்டர். அதற்குப் பிறகு சாலையும் இல்லை, ஊரும் இல்லை. அங்கே புதிதாக வந்த செல்ஃபோன் டவருக்கு இரண்டு கேபிள் போடவேண்டும் என்று வரைபடத்தில் இருந்தது. ஒன்று சாலையோரமாக, இன்னொன்று காட்டைச் சுற்றிக்கொண்டு. ஒன்று அறுந்தால் மற்றது தாங்கும். வரைந்தவர் நன்றாகத்தான் வரைந்திருந்தார். காட்டுக்குப் பச்சை அடித்திருந்தார். பச்சைக்குக் கீழே பாறை இருப்பதை அடிக்க அவரிடம் கலர் இல்லைபோல. முதல் நாளே எங்கள் பொக்லைன் இயந்திரத்துக்கு இரண்டு பல் போயிற்று. மூன்றாம் நாள் டிரைவர், தன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று கிளம்பினார். திரும்பி வரவே இல்லை. அந்த அம்மா இன்னும் சௌக்கியமாகத்தான் இருக்கிறார்.

அன்று சாயங்காலம் மாமா பாறை மேல் உட்கார்ந்து வெகுநேரம் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள, ரோட்டோரக் குழி நல்ல அகலமாத்தான இருக்கு?"

"இருக்கு மாமா."

"ரெண்டு பேர் படுக்கிற கட்டில்ல எதுக்கு ஒருத்தன மட்டும் படுக்கப் போடணும்?"

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. இரண்டு கேபிளையும் சாலையோரத்தில் ஒரே குழியில் படுக்கவைத்து மண்ணை மூடினோம்.

மிச்சம் இருந்தது படம்தான். ஃபோன் கம்பெனியிலிருந்து யாரும் காட்டுக்கு வந்து பார்ப்பதில்லை. ஐம்பது மீட்டருக்கு ஒரு படம் கேட்பார்கள். குழிக்குள் அளவுக்கோலை நிறுத்தி, ஐந்தரை அடி ஆழம் தெரிகிற மாதிரி எடுக்கவேண்டும். பதினான்கு கிலோமீட்டருக்கு இருநூற்றெண்பது படம். எங்கள் கிடங்குக்குப் பின்னால், சுவரோரமாக, ஐந்தரை அடியில் நேர்த்தியாக ஒரு குழி வெட்டினேன். அந்த ஒரே குழியை இருநூற்றெண்பது தடவை எடுத்தேன். ஒரு நாள் சருகு போடுவேன், ஒரு நாள் செம்மண், ஒரு நாள் தண்ணீர் தெளித்து மழை பெய்த மாதிரி. அளவுக்கோலைப் பிடிக்கும் கைக்கு நாலு விதச் சட்டை மாற்றினேன். படத்தில் இடமும் தேதியும் அச்சாக வேண்டும். நாம் கேட்ட இடத்தை அச்சடித்துத் தர ஒரு ஆப் இருக்கிறது. எதற்குத்தான் இல்லை? கம்பெனி ஆபீசர் படங்களைப் பார்த்துவிட்டு, "காட்டுக்குள்ள இவ்வளவு நேரா எப்படிய்யா வெட்டுனீங்க?" என்று ஆச்சரியப்பட்டு வேலையை ஏற்றுக் கையெழுத்துப் போட்டார்.

அடையாளக் கற்களை மட்டும் நிஜமாகவே நட்டோம். 'கீழே கேபிள், தோண்டாதே' என்று எழுதிய கல். கொஞ்சம் ஜீப்பிலும் கொஞ்சம் தோளிலுமாகக் கொண்டுபோய், பதினான்கு கிலோமீட்டருக்கும் நட்டோம். கீழே ஒன்றும் இல்லாத இடத்தில் கல் நடுவது எவ்வளவு சிரமம் என்பது நட்டவனுக்குத்தான் தெரியும். யாரும் எங்களைச் சோம்பேறிகள் என்று சொல்லிவிடக்கூடாது.

இந்த வேலைக்காக அந்த ஊரில் இரண்டு மாதம் இருந்தபோதுதான் நர்ஸக்கா பழக்கம். இரண்டு அறை உள்ள சுகாதார நிலையம். ஒன்றில் கட்டில், ஒன்றில் அவர். கண்ணாடி இழைத் துணுக்கு ஒன்று என் விரலில் ஏறிவிட்டது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சட்டைப் பொத்தானைத் தொட்டாலும் உயிர் போகும். அவர் ஜன்னலருகே உட்காரவைத்து, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் பொறுமையாகத் தேடி எடுத்தார். எடுத்துக்கொண்டே கேட்டார்.

"தம்பி, ரெண்டு வழியா கேபிள் வருதாமே? ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்குமாமே?"

"ஆமாக்கா."

"நிச்சயமாத்தான? எதுக்குக் கேக்குறேன்னா, எங்க டிபார்ட்மெண்ட்ல இங்க ஒரு ஜீப்பு போட்டு வெச்சிருக்காங்க. ஃபோன் இல்லாத ஊருங்கறதால. இப்ப அதத் திரும்பக் கேக்குறாங்க. ரெண்டு வழி இருக்குன்னா குடுத்துரலாம். சந்தேகம்னா எழுதிப்போட்டு நிறுத்திக்குவேன்."

அவர் கையில் என் விரல் இருந்தது. வலித்தது. "நிச்சயமாக்கா" என்றேன். அந்த நேரத்தில் வேறு எதைச் சொன்னாலும் நிறைய விளக்கவேண்டியிருக்கும். அடுத்த வாரம் சுகாதாரத் துறையின் ஜீப் ஊரைவிட்டுப் போயிற்று. டிரைவர் என்னைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போனார்.

ஏழு மாதம் ஒரு குறையும் இல்லை. ஊரில் எல்லோரும் பேசினார்கள். தேவைக்கு மேலேயே பேசினார்கள்.

அன்று காலை ஒன்பது நாற்பதுக்கு, ஊருக்கு ஆறு கிலோமீட்டர் முன்னால் குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டிய பொக்லைன், சாலையோரக் குழியை ஒரே அள்ளாக அள்ளியது. பொக்லைன் டிரைவர்களின் வழக்கப்படி அந்த டிரைவரும் மெஷினோடு மறைந்துவிட்டார். நானும் மாமாவும் அப்போது டவுன் டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தோம். மாதாந்தரப் பார்வைக்கு வந்த கம்பெனி ஆபீசரும் இருந்தார். வீட்டு ஜன்னலுக்கு எந்தக் கலரில் திரைச்சீலை வாங்குவது என்று ஃபோனில் மனைவியோடு விவாதித்துக்கொண்டிருந்தார். நான் சோதிக்கும் மெஷினை மாட்டினேன். அது கேபிளுக்குள் வெளிச்சத்தை அனுப்பி, எத்தனையாவது கிலோமீட்டரில் அறுந்திருக்கிறது என்று சொல்லிவிடும். சாலைக் கேபிள், முப்பத்திரண்டு. காட்டுக் கேபிள், முப்பத்திரண்டு.

மாமா என்னைப் பார்த்தார். நான் மெஷினை அணைத்தேன்.

கம்பெனியின் கன்ட்ரோல் ரூமிலிருந்து கூப்பிட்டார்கள். அவர்கள் திரையில் டவர் சிவப்பாகிவிட்டது. சிவப்பானால் என்னைக் கேட்பார்கள், நான் சொல்கிற காரணத்தை எழுதிக்கொள்வார்கள். அதுதான் அங்கே வழக்கம். அவர்கள் முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் குளிரூட்டிய அறையில் இருக்கிறார்கள், பாவம், அவர்களுக்கு என்ன தெரியும்? சாலையில் ஒன்று, காட்டில் ஒன்று. இரண்டும் ஒரே நிமிஷத்தில் அறுந்தது என்றால் குழந்தைகூடக் கேள்வி கேட்கும். அதனால் ஒன்றை மட்டும் சாகக் கொடுத்தேன்.

"ரோட்டுக் கேபிள் கட்டு சார். காட்டு வழியா லைன் ஓடுது. சிவப்பு காட்டுறது சென்சார் கோளாறு" என்றேன்.

"ஓகே" என்று எழுதிக்கொண்டார்கள். ஆக, காகிதத்தில் அந்த டவர் அன்று ஒரு நிமிஷம்கூடச் சாகவில்லை.

இத்தோடு முடிந்திருக்கும். நேரே போய் ஒட்டியிருப்பேன். டவர் பேசுவதற்கு இரண்டு இழை போதும், அரை மணி நேர வேலை. ஆனால் ஆபீசர் திரைச்சீலையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தார்.

"என்னது, காட்டு லைன் தாங்குதா? பாத்தீங்களா, ஒரு ஊருக்கு ரெண்டு கேபிளான்னு எவ்வளவு பேர் கிண்டல் பண்ணாங்க! நானும் வர்றேன்யா. அந்தக் கேபிளை ஒரு இடத்துல தோண்டிப் பாக்கணும். ஹெட் ஆபீசுக்கு ஒரு படம் அனுப்பணும்."

"பாம்பு கெடக்கும் சார்" என்றார் மாமா.

"பரவால்ல, ஷூ போட்டிருக்கேன்."

வெள்ளை ஷூ. அதைப் பார்த்ததும் எனக்கே பரிதாபமாக இருந்தது.

இல்லாத கேபிளைப் பார்க்க ஒருவர் வெள்ளை ஷூவோடு கிளம்பிவிட்டால், இருப்பது ஒரே வழிதான். கிடங்கில் மிச்சம் கிடந்த கேபிளில் பன்னிரண்டு மீட்டர் வெட்டிச் சுருட்டி, மண்வெட்டிகளோடு ஜீப்பின் பின்னால் போட்டுத் தார்ப்பாயால் மூடினோம். காட்டுப் பாதை பிரியும் இடத்தில் நானும் ஆபீசரும் இறங்கிக்கொண்டு, புதிதாக நட்ட மரக்கன்றுகள், பறவைகள் என்று எதையாவது காட்டிக்கொண்டு மெதுவாக நடந்து போவது. மாமா, தோண்ட இடம் பார்த்து வைப்பதாகச் சொல்லி, சுற்றிக்கொண்டு ஜீப்பில் முன்னால் போய், பாறை இல்லாத ஓர் அடையாளக் கல்லடியில் அதைப் புதைத்து வைப்பது. யோசித்துப் பார்த்தால், நாங்கள் அந்தக் காட்டில் போட்ட ஒரே கேபிள் அதுதான்.

சற்று முன்பு நர்ஸக்கா எழுந்து வந்து பிஸ்கட் பொட்டலத்தை நீட்டினார். "ரெண்டு எடுத்துக்கோங்க தம்பி. காலையில சாப்பிட்டீங்களோ என்னவோ. எனக்காக இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க." ஒன்று எடுத்துக்கொண்டேன். இரண்டு எடுக்க மனம் வரவில்லை.

தொடர்கிறேன். பதினொன்றரைக்குக் காட்டுப் பாதை பிரியும் இடத்தில் ஜீப்பை நிறுத்தினோம். கேபிள் அறுந்த இடம் அங்கிருந்து அரை கிலோமீட்டர்தான். ஆபீசர் இறங்கி, ஒதுங்குவதற்காக மரங்களுக்குப் பின்னால் போனார். கொஞ்சம் தூரமாகவே போனார், கூச்ச சுபாவம். அப்போது ஊர்ப் பக்கமிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் பறந்து வந்தது. ஓட்டி வந்தவரின் சட்டையில் ரத்தம் இருந்தது, அவருடையது அல்ல.

"அண்ணே, கேபிள்காரங்கதான நீங்க? ஃபோன் எப்பண்ணே வரும்?"

"என்ன ஆச்சு?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

அவர் தச்சரின் தம்பி. பள்ளிக்கூடக் கூரையில் ஓடு மாற்றிக்கொண்டிருந்த அண்ணன் பத்து மணிக்கு வழுக்கி விழுந்திருக்கிறார். முதலில் எழுந்து உட்கார்ந்து, "ஓடு உடஞ்சுதா, என் தலை உடஞ்சுதா?" என்று சிரித்துக்கூடப் பேசியிருக்கிறார். பிறகு வாந்தி. பிறகு தூக்கம் தூக்கமாக வருகிறது என்றாராம்.

"ஒரு பக்கக் கண்பாப்பா மட்டும் பெருசாயிருச்சுண்ணே. மண்டைக்குள்ள ரத்தம் கட்டுதுன்னு நர்ஸக்கா சொல்றாங்க. ரெண்டு மூணு மணி நேரத்துல ஆபரேஷன் பண்ணிட்டா பொழச்சுக்குவாராம். ஆம்புலன்சக் கூப்பிட ஃபோன் இல்ல. ஊர்ல வேற வண்டியும் இல்ல. உங்க ஜீப்பக் குடுங்கண்ணே. பின்னால படுக்கப் போட்டுக் கூட்டிட்டுப் போயிரலாம்."

மாமா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜீப்பைக் கொடுப்பதென்றால் பின்னால் உள்ளதை இறக்கவேண்டும். இறக்கினால் தார்ப்பாய்க்குள் இருக்கும் பன்னிரண்டு மீட்டரும், நடுரோட்டில், வெள்ளை ஷூவுக்கு முன்னால் கிடக்கும்.

"பேட்டரி போயிருச்சு தம்பி. வண்டி ஸ்டார்ட் ஆகாது. அதான் நிக்கிறோம்" என்றேன்.

அவர் ஜீப்பை ஒரு தடவை பார்த்தார். நம்பினார். மனிதர்கள் இவ்வளவு சுலபமாக நம்புவதுதான் எனக்கு எப்போதுமே சங்கடமாக இருக்கிறது.

"அப்ப ஒண்ணு சொல்லுங்கண்ணே. என் வண்டில பெட்ரோல் ஒரு வழிக்குத்தான் இருக்கு. ஊர்ல பெட்ரோல் தீந்துபோச்சு. ஒண்ணு இப்படியே டவுனுக்குப் போய் ஆம்புலன்சக் கூட்டிட்டு வரணும். இல்லன்னா திரும்பிப் போகணும். திரும்பிட்டா மறுபடி வர முடியாது. நீங்களே சொல்லுங்க, நான் எங்க போகட்டும்?"

டவுனுக்குப் போனால் ஆஸ்பத்திரியில் சொல்லுவார். டவர் செத்துக்கிடக்கிறது என்று சொல்லுவார். ஆஸ்பத்திரிக்காரர்கள் கம்பெனிக்குச் சொல்வார்கள். கன்ட்ரோல் ரூமில் சென்சார் கோளாறு என்று எழுதியவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசிக்க ஆரம்பிப்பார். இதையெல்லாம் நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன் என்று நினைக்கவேண்டாம். ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம்தான் ஆயிற்று.

"திரும்பிப் போங்க. அரை மணி நேரத்துல லைன் வந்துரும். அண்ணன்கூட இருங்க" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்தார். கை சில்லென்று இருந்தது. "ரொம்ப நன்றிண்ணே" என்று வண்டியைத் திருப்பினார்.

அரை மணி நேரம் என்று நான் சொன்னதைப் பொய் என்று முழுக்கச் சொல்லிவிட முடியாது. ஆரம்பித்தால் அரை மணி நேரம்தான். எப்போது ஆரம்பிப்பேன் என்று அவர் கேட்கவில்லை.

மோட்டார் சைக்கிள் சத்தம் தேய்ந்ததும் மாமா சாவியைத் திருப்பினார். ஜீப் முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. நன்றாகப் பராமரித்த வண்டி.

"மாப்ள..." என்றார்.

"போங்க மாமா. நாலாவது கல்லுல வேண்டாம், அங்க பாறை. ஏழாவது கல்லுல போடுங்க."

ஆபீசர் ஈரக் கையை உதறிக்கொண்டு வந்தார். "யாருய்யா அது?"

"வழி கேட்டார் சார்."

பிறகு நடந்தோம். ஆபீசர் மெதுவாக நடப்பார் என்று நினைத்திருந்தேன், அதைவிட மெதுவாக நடந்தார். ஒரு பூச்சி தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போனால்கூட நின்று வேடிக்கை பார்த்தார். தன் மகளைப் பற்றிச் சொன்னார். அவள் ஓவியம் வரைவாளாம். நான் அவசரப்படுத்தவில்லை, மாமாவுக்கு நேரம் வேண்டும். ஏழாவது கல்லுக்குப் போகும்போது ஒன்றரை. மாமா அங்கே வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மண்வெட்டியை எடுத்து நானே தோண்டினேன். மண் கொஞ்சம் இளகி இருந்தது. ஆபீசர் அதைக் கவனிக்கவில்லை. ஒன்றரை அடியிலேயே கேபிள் வந்துவிட்டது. ஆழத்தைப் பற்றியும் அவர் கேட்கவில்லை. பள்ளத்தின் ஓரத்தில் குந்தி, கேபிளைக் குழந்தையின் கன்னத்தைத் தொடுகிற மாதிரி தொட்டார்.

"இதுக்குள்ளதான இப்ப அந்த ஊரோட பேச்செல்லாம் ஓடுது?"

"ஆமா சார்."

என்னையே படம் எடுக்கச் சொன்னார். நன்றாக வந்தது. கம்பெனிப் பத்திரிகையில் போட்டிருக்கிறார்கள்.

மூன்று பேரும் ஜீப்பில் திரும்பும்போது இரண்டேகால். ஆபீசருக்குக் கால் வலித்தது. நிழலில் ஜீப்பை நிறுத்தி, அதிலேயே கண்ணயர்ந்தார். நானும் மாமாவும் அறுந்த இடத்துக்கு நடந்து போனோம். மாமா காட்டுக் கேபிளின் முனைகளை மண்ணுக்குள் திணித்து மறைத்தார். நான் சாலைக் கேபிளை எடுத்தேன். இழையைத் துடைத்து, நறுக்கி, மெஷினில் வைத்தேன். என் கை நடுங்கவில்லை. நடுங்கினால் ஒட்டாது. மூன்று இருபதுக்கு லைன் உயிர்பெற்றது.

நர்ஸக்கா ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது மூன்று இருபத்தொன்றுக்கு. அதாவது, ஃபோனை விடாமல் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஆம்புலன்ஸ் போய்ச் சேர்ந்தது ஐந்துக்குக் கொஞ்சம் முன்னால். தச்சர் நாலேகாலுக்கே போய்விட்டார்.

பிறகு நடந்ததெல்லாம் தானாகவே நடந்தது. நான் எதையும் செய்யவில்லை. சுகாதாரத் துறையில் கணக்குக் கேட்டார்கள். பத்து மணிக்கு விழுந்தவருக்கு மூன்று இருபத்தொன்றுக்கு ஆம்புலன்ஸா? ஃபோன் இல்லை என்றார் நர்ஸக்கா. கம்பெனியைக் கேட்டார்கள். டவர் ஒரு நிமிஷமும் நிற்கவில்லை, காட்டு வழியாக ஓடியது, இதோ எங்கள் ஆபீசர் அதே நேரத்தில் அந்தக் கேபிளைத் தொட்டுக்கொண்டிருக்கும் படம் என்று கம்பெனி பதில் போட்டது. ஃபோன் வேலை செய்யவில்லை என்று ஊர்க்காரர்கள் பத்துப் பேர் சொன்னார்கள். அது வாய்வார்த்தை. தச்சரின் தம்பியும் சொன்னார். அவர் துக்கத்தில் இருக்கிறவர், நிதானத்தில் இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். ஊர் முழுக்க ஐந்தரை மணி நேரம் ஒருவர்கூட ஒருவரோடும் பேசாமல் இருந்தார்களா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

போன வாரம் நர்ஸக்கா எங்கள் கிடங்குக்கே வந்தார். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை.

"தம்பி, தச்சரோட தம்பி எல்லாம் சொன்னான். அன்னைக்கு நீங்களும் பாவம், வண்டி கெட்டுப்போய் நடுவழியில நின்னீங்களாமே. இருந்தும் கடைசில லைனக் குடுத்தீங்க. லைன் செத்திருந்துச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். கேபிள்காரர் சொன்னா நம்புவாங்க. வேற யார்கிட்டப் போய் நிப்பேன் நான்?"

வருகிறேன் என்றேன். அவர் போனபின், கிடங்கின் உள்ளறையிலிருந்து மாமா வெளியே வந்தார். சத்தம் போடவில்லை.

"நீ உண்மையச் சொல்லணும்னா சொல்லு மாப்ள. நான் தடுக்கமாட்டேன். நான் ஜெயிலுக்குப் போறேன், உங்கக்கா ரெண்டு பிள்ளைங்களோட நடுத்தெருவுல நிப்பா. அவ்வளவுதான்."

அக்கா அன்று ராத்திரிச் சாப்பாட்டில் எனக்கு இரண்டாம் தடவை கேட்காமலே போட்டாள். அந்த நிலையில் உங்களால் என்ன செய்ய முடியும்? என்னாலும் அதேதான் முடிந்தது.

கூப்பிடுகிறார்கள்.

போய்விட்டு வந்துவிட்டேன். பன்னிரண்டு நிமிஷம்தான். உள்ளே மூன்று பேர். நடுவில் இருந்த அம்மா மரியாதையாகப் பேசினார், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

அன்று டவர் வேலை செய்ததா என்று கேட்டார். "காட்டு வழியா ஓடிட்டிருந்துச்சு மேடம்" என்றேன்.

யாராவது உங்களிடம் வந்து வண்டி கேட்டார்களா என்று கேட்டார். "இல்ல மேடம்" என்றேன்.

நர்ஸ் வேண்டுமென்றே கூப்பிடாமல் இருந்திருப்பார் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டார். "அப்படிச் சொல்லமாட்டேன் மேடம். ரொம்ப நல்லவங்க. பதட்டத்துல மறந்திருக்கலாம்" என்றேன். எனக்குத் தெரிந்தவரை அவருக்காக எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவு சொன்னேன். தட்டச்சு செய்து கொடுத்தார்கள், கையெழுத்துப் போட்டேன்.

உண்மை என்று ஒன்றை எங்கேயாவது வைக்கவேண்டும் என்பதற்காக இந்தப் படிவத்தின் பின்னால் வைக்கிறேன். காட்டில் கேபிள் இல்லை. டவர் செத்திருந்தது. ஜீப் நன்றாக ஓடியது. அந்தப் பையனைத் திருப்பி அனுப்பும்போது அவன் அண்ணன் சாவான் என்பது எனக்குத் தெரியும். இன்றைக்கு இந்த நர்ஸக்காவின் பிழைப்பு போகும் என்பதும் தெரியும். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை.

நான் வெளியே வந்தபோது நர்ஸக்கா எழுந்து நின்றார்.

"சொல்லிட்டீங்களா தம்பி?"

"கேட்டதுக்கெல்லாம் சொல்லிட்டேன்க்கா."

"நீங்க நல்லா இருக்கணும்." அவர் கண் கலங்கிவிட்டது. அதற்குள் அவரைக் கூப்பிட்டார்கள். சேலையைச் சரிசெய்துகொண்டு, கைப்பையை என்னிடம் நீட்டினார். "இதக் கொஞ்சம் பாத்துக்கோங்க. இந்த எடத்துல வேற யாரையும் நம்பி விட்டுட்டுப் போக முடியாது."

முக்கால் மணி நேரம் ஆகிறது. உள்ளே சத்தம் கேட்டது, பிறகு நின்றுவிட்டது. கதவு இன்னும் திறக்கவில்லை. பெஞ்சில் இடம் இருக்கிறது, ஆனாலும் பையைக் கீழே வைக்கவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒருவர் என்னை நம்பி ஒப்படைத்ததை நான் ஒரு நாளும் கைவிட்டதில்லை.